கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், நெட்வேர்க் மட்டும் தவழும்

நெட்வேர்க் கேபிள் முழுதாக அறுந்துவிட்டால் கண்டுபிடிப்பது லேசு. தலையிடி தருவது அரைகுறையாகப் பிடித்திருக்கும் கேபிள்தான். காலையில் ஓடிய பிரின்டர் மத்தியானம் ஓடாது. சேர்வரில் இருக்கும் பைல் திறக்க ஒரு நிமிடம் எடுக்கும். கந்தோரில் எல்லாரும் இன்டர்நெட் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கோளாறு ஏன் ஒளிந்துகொள்கிறது? தரவு சிறு சிறு பொதிகளாகத்தான் கேபிளில் போகிறது. ஒவ்வொரு பொதியின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு பிட் கெட்டாலும் அந்த எண் பொருந்தாது. வாங்குகிற பக்கம் பொதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அனுப்பிய கொம்பியூட்டர் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பும். அதனால் பழுதான கேபிள் நமக்கு 'மந்தமான நெட்வேர்க்' ஆகவே தெரிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது வேகம். கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் இணைப்புக்கு, கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6ஆம் கம்பிகள் போதும். இரு முனையிலும் கிகாபிட் கருவி இருந்தும் விண்டோஸ் 100 என்று காட்டினால், மற்ற நான்கில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்தது நிற ஒழுங்கு. கம்பிகளைச் சோடி சோடியாக முறுக்கியிருப்பது அழகுக்கு அல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் சோடியின் இரு கம்பியிலும் ஒரேயளவாக ஏறும். வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். பிளக் அடிப்பவர் செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி என்று இரு முனையிலும் வரிசையாக வைத்தால் என்ன நடக்கும்? 3உம் 6உம் ஒரு சோடியாக இயங்க வேண்டியவை. அங்கே வெள்ளை-பச்சையும் நீலமும் வந்து நிற்கும். முறுக்கின் பயன் போய்விடும். மலிவு டெஸ்டரோ எட்டு விளக்கையும் எரித்து 'நல்லது' என்று சொல்லும், அது கம்பி தொடுகிறதா என்று மட்டுமே பார்ப்பதால். சரியான ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கக்கூடாது. வெளியுறை பிளக்குக்குள் போய்க் கவ்வப்பட வேண்டும். இல்லையென்றால் யாராவது இழுக்கும்போது முழுப் பாரமும் தலைமயிர்போன்ற கம்பிகளில்தான் விழும்.

சுவருக்குள் போகும் கேபிளில் எட்டுக் கம்பியில் ஒவ்வொன்றும் ஒற்றைத் திட இழையாக இருக்கும். அடிக்கடி வளைந்தால் அது களைத்து முறியும். ஆகவே அதன் முனையில் பிளக் அடித்து மேசைவரை இழுக்காமல், சுவர்ச் சொக்கெட்டில் அழுத்தி முடித்துவிட்டு, அங்கிருந்து கொம்பியூட்டர்வரை பல இழைக் கம்பியுள்ள பட்ச் கோட் என்ற குட்டைக் கேபிளைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்து மொத்த நீளம் 100 மீற்றருக்குள் நிற்க வேண்டும். வாங்கும்போது கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எளிதில் முறியும், மின்சாரம் ஓடுவதற்குத் தடையும் அதிகம். விலையில் மிச்சம்பிடித்த காசைத் திருத்துபவருக்குக் கொடுப்பீர்கள்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இன்னொரு எதிரி உப்புக் காற்று. பிளக்கின் தொடுமுனைகளில் தங்கம் பூசியிருப்பது அது துருப்பிடிக்காது என்பதால்தான். நல்ல பிளக்கில் பூச்சு ஏறத்தாழ 1.27 மைக்ரோன், மலிவானதில் பெயருக்கு ஒரு படலம். அதன் நுண்துளை வழியாக ஈரமும் உப்பும் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். பச்சை பூத்த பிளக்கை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், மிச்சத் தங்கமும் போய்விடும். வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வேர்க் சுவிட்சை ஜன்னலோரமோ ஏசியின் கீழோ வைக்காதீர்கள். பாவிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடி போதும்.

230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் கேபிளை ஓட்டாதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வளைவின் ஆரை குறைந்தது கேபிள் தடிப்பின் நான்கு மடங்கு, அதாவது சுமார் 2.5 சென்ரிமீற்றர். கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டியை இறுக்கி நெரிக்கக்கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் இடி முழங்கும்போது ஒரு பக்கத்து மின்னதிர்ச்சி மறுபக்கத்துக் கருவிகளையும் கொண்டுபோகும். அந்த இடத்துக்கு மின்சாரம் கடத்தாத பைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள்தான்.

சந்தேகம் வந்தால் கந்தோர் ரவுட்டருக்கு ஆயிரம் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு பொதி) அனுப்பிக்கொண்டே பிளக்குகளை ஒவ்வொன்றாக மெதுவாக அசையுங்கள். வயர் இணைப்பில் ஒரு பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் விசாரிக்க வேண்டும். முதலில் பட்ச் கோட்டை மாற்றுங்கள், பிறகு சுவிட்சின் துளையை. சுவரைக் கிண்டுவது கடைசி. கெட்டது என்று உறுதியான பட்ச் கோட்டின் இரு பிளக்கையும் உடனே வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் யாரோ அதைச் சுருட்டி லாச்சிக்குள் வைப்பார்கள், அடுத்த மாதம் வேறொரு மேசையில் அது மறுபடி முளைக்கும்.