பழைய கல்லைக் காட்டிக்கொடுக்கும் துளை

வட இங்கிலாந்தின் எஸ்கம்ப் என்ற சிற்றூரில், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதன் வடக்குச் சுவரில் ஒரு கல்லில் ரோமானியப் படையின் ஆறாவது லெஜியனின் (பெரும்படைப் பிரிவின்) பெயர் தலைகீழாக இருக்கிறது. அருகிலிருந்த பின்செஸ்டர் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்த கல் அது.

எழுத்து இருந்தால் சரி. எழுத்து இல்லாத கல், பழைய ரோமானியக் கட்டடத்திலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரோமானியக் கொத்தர்கள் கனமான கல்லைத் தூக்க, அதன் மேற்பரப்பில் ஒரு குழி வெட்டுவார்கள். வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும். சரிவான இரண்டு இரும்புத் துண்டுகளை முதலில் உள்ளே இறக்கி, நடுவில் நேரான மூன்றாவது துண்டைச் செருகி, மூன்றையும் ஓர் ஆணியால் பிணைத்துக் கயிறு கட்டுவார்கள். கயிற்றை இழுக்க இழுக்க, ஓரத் துண்டுகள் குழியின் சரிவான பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். கல்லின் எடையே பிடியை இறுக்கிவிடும். என்ன அருமையான யோசனை!

இந்தக் குழி கல்லின் தலைப்பக்கம்தான் இருக்கும். அடுத்த வரிசைக் கல் அதை மூடிவிடும். அதனால் சுவரின் முகத்தில் அப்படியொரு குழி தெரிந்தால், கல்லை யாரோ புரட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பாதியில் அறுபடும் பூவேலையும், பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போகாத உளித்தடமும் இதே கதையைச் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஹெக்ஸம் மடாலயத்தின் நிலவறை. 674 வாக்கில் ஆயர் வில்ஃபிரிட் எழுப்பிய தேவாலயத்தில் எஞ்சியிருக்கும் பகுதி அது. கல் வந்தது பக்கத்து ஊரான கார்பிரிட்ஜின் ரோமானியக் குடியிருப்பிலிருந்து. மலையை உடைத்துச் சதுரமாகச் செதுக்கும் உழைப்பு முழுவதும் மிச்சம்.

அங்குள்ள ஒரு கல்வெட்டு பேரரசர் செவரஸையும் அவருடைய இரு மகன்களையும் குறிப்பிடுகிறது. இளையவன் கேட்டாவை அண்ணன் கரகல்லா 211இல் கொன்று, அவன் பெயரை எங்கும் அழிக்க ஆணையிட்டான். இந்தக் கல்லிலும் அந்தப் பெயரைச் சுரண்டியிருக்கிறார்கள்; ஆனாலும் அது படிக்கும்படியாகவே இருக்கிறது. வில்ஃபிரிட்டின் கொத்தர்களுக்கு அது நல்ல அளவுள்ள ஒரு கல், அவ்வளவுதான். சுவர்மேல் சாந்தும் பூசினார்கள். அதன் எச்சங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள பூவேலைக் கற்களைச் சாந்து மறைத்துவிடும் என்பதால், அவை அழகுக்காக வந்தவை அல்ல என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

அதே மடாலயத்தின் கட்டுமானத்துக்குள்ளிருந்து 1881இல் ஃபிளாவினஸ் என்ற குதிரைப்படைக் கொடிவீரனின் கல்லறைக் கல்லும் கிடைத்தது. குதிரையின் கீழே ஓர் எதிரி பதுங்கிக் கிடக்கிறான். வயது 25, பணியாற்றியது 7 ஆண்டுகள் என்று அதில் பொறித்திருக்கிறது.