பல் நறநறப்புக்கும் கீரிப்பூச்சிக்கும் என்ன தொடர்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பிள்ளையைக் கண்டால் பாட்டிமார், "வயித்துல பூச்சி இருக்கு, பூச்சி மருந்து கொடு" என்பார்கள். மண்ணில் விளையாடியதால் வந்த வினை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. பூச்சிக்கும் பல்லுக்கும் இடையே உறக்கத்தின் வழியாக ஒரு பாதை இருக்கக்கூடும்.

தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் மேலோட்டமான உறக்கத்தில், சில விநாடிகளே நீடிக்கும் நுண்விழிப்புகளை ஒட்டி நிகழ்கிறது. முதலில் இதயத் துடிப்பு விரைவடைந்து, மூளை அலைகள் மாறி, அதன் பின்னரே தாடைத் தசைகள் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை இறுகித் தளர்கின்றன. பிள்ளை கண் திறப்பதில்லை; காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. ஆகவே, உறக்கத்தை அடிக்கடி கலைக்கும் எதுவும் பல் கடிப்பதைத் தூண்டலாம்.

கீரிப்பூச்சி அந்த வேலையைச் செய்யக்கூடியது. வெள்ளை நூல் துண்டு போல, சுமார் 1 செ.மீ. நீளமிருக்கும் பெண்புழு, பிள்ளை உறங்கிய பின் பெருங்குடலிலிருந்து வெளியே வந்து, மலவாயைச் சுற்றியுள்ள தோலில் 10,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அரிப்பெடுத்துச் சொறியும் பிள்ளையின் நகக்கண்ணில் ஒட்டும் முட்டைகள், சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்து, விரல் வழியே மீண்டும் வாய்க்குப் போகின்றன. படுக்கை விரிப்பில் உதிர்பவை இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடிருக்கலாம். இதற்கு மண் தேவையே இல்லை. மண்ணில் முட்டை முதிர வேண்டிய இன்னொரு குடற்புழுவான நாக்குப்பூச்சியோ இரவில் இப்படி வெளியே வந்து அரிப்பூட்டுவதில்லை. பாட்டிமார் பூச்சியைச் சந்தேகித்ததில் நியாயம் இருக்கலாம், மண்ணைப் பழித்ததுதான் பொருந்தவில்லை.

இத்தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை. 2008-இல் வெளியான பிரேசில் ஆய்வொன்று தொடர்பு எதையும் காணவில்லை. 2010-இல் வெளியான ஈரான் ஆய்வொன்று கண்டது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். தவிரவும், கீரிப்பூச்சி முட்டைகளைத் தோலில் இடுவதால் மலப் பரிசோதனையில் அது பெரும்பாலும் அகப்படாது. அப்பரிசோதனையை மட்டும் நம்பும் எந்த ஆய்வையும் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

ஆகவே, ஊகித்து மருந்து கொடுப்பதைவிட முட்டையைத் தேடுவது மேல். காலையில் பிள்ளை எழுந்தவுடன், குளிப்பதற்கும் மலம் கழிப்பதற்கும் முன்பாக, ஒளிபுகும் செலோடேப்பின் பசைப்பக்கத்தை மலவாயை ஒட்டிய தோலில் அழுத்தியெடுத்து, கண்ணாடி வில்லையில் ஒட்டிக் கிளினிக்கில் கொடுத்தால், ஒருபுறம் தட்டையான முட்டைகளை நுண்ணோக்கியில் காணலாம். ஒருநாள் தப்பிவிடக்கூடும் என்பதால் மூன்று நாள் காலையில் எடுப்பது வழக்கம். முட்டை தென்பட்டால், மருத்துவர் அல்பெண்டசோல் அல்லது மெபெண்டசோல் தருவார். அவை வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர முட்டைகளை முழுதாக அழிப்பதில்லை. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடியும், பெரும்பாலும் வீட்டிலுள்ள அனைவருக்கும் சேர்த்தே, கொடுக்கப்படுகிறது.

முட்டை இல்லாவிட்டாலோ, மருந்துக்குப் பிறகும் நறநறப்பு நிற்காவிட்டாலோ, பிள்ளை குறட்டை விடுகிறதா, வாயைத் திறந்தபடி உறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மூக்கடைப்பும், வீங்கிய டான்சிலும், மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையும் மூச்சைத் தடுத்து அதே உறக்கத்தைக் கலைப்பவைதான். அவற்றுக்குப் பூச்சி மருந்தால் பயனில்லை.