மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல

"சபை கன்வென்ஷன் கூட்டத்துல ஜெபிச்சாங்க டாக்டர். சுகமாயிட்டேன்னு விசுவாசிச்சு மாத்திரையை நிறுத்திட்டேன்." பொது மருத்துவராக இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவரின் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருக்கும். ரிப்போர்ட்டில் சர்க்கரை 350 இருக்கும். கர்த்தர் சுகம் தருகிறவர் என்று நானும் நம்புகிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பிரஷரும் சுகரும் பெரும்பாலும் வலிக்காது. மாத்திரையை விட்டதும் ஒன்றும் ஆகாததால் குணமானதுபோலவே தோன்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோயில் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்துவிடும், சபையில் சாட்சியும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கிருமி உள்ளேதான் இருக்கும். வழக்கமான சிகிச்சை 6 மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பும்போது அதே மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் பரவலாம்.

வேதாகமத்தில், சாகும் தருவாயில் இருந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில்தான் அவருடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னதும் இருக்கிறது. வாக்கு கிடைத்துவிட்டது என்பதற்காக மருந்து வேண்டாம் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லவில்லை. இயேசுவும் பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் காண்பிக்கத்தான் அனுப்பினார். சுத்தமானார்களா என்று பார்த்துச் சொல்வது அன்றைக்கு ஆசாரியரின் வேலை. சுகமானதாக நம்புகிறீர்களா? சரி, வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்ப்போம். சர்க்கரை இறங்கியிருந்தால் மாத்திரையை நானே குறைக்கிறேன், கூடச் சேர்ந்து ஸ்தோத்திரமும் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. நோய் குணமாகவில்லை என்றால் "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் இந்த ஒரு வார்த்தையில் நொறுங்கிப்போவார். அப்போஸ்தலனாகிய பவுல், தன் மாம்சத்தில் 'முள்' என்று அவர் சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா? பத்து வருஷமாகத் தினமும் ஜெபித்துவிட்டு இன்சுலின் போட்டுக்கொள்கிற அம்மாவின் விசுவாசம், மேடையில் சாட்சி சொல்பவரின் விசுவாசத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

அப்புறம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கும் உபவாச ஜெபத்துக்கும் ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். நீங்களாக மாத்திரையை விடாதீர்கள், உபவாசத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுங்கள். ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். போதகர்களே, உபவாசக் கூட்டத்தை அறிவிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.