கக்கூஸ்: ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்

கடலூர் முதுநகரில் பாட்டி வீட்டுக் கொல்லைக் கடைசியில் அது இருந்தது. ஓடு வேய்ந்த சின்ன அறை. ஏறிப்போக மூன்று படி. பின்சுவரின் அடியில், சந்துப் பக்கம் திறக்கிற ஒரு தகரக் கதவு. பாட்டி வாயில் அது எப்போதும் கக்கூஸ்தான். விருந்தாளி வந்தால் மட்டும் 'கொல்லப்பக்கம்' என்பார்.

இதைத் தமிழ்ச் சொல் என்றே பலர் நினைக்கிறார்கள். கைக்குழந்தையிடம் சொல்லும் 'கக்கா'விலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இது டச்சு மொழியிலிருந்து வந்தது. அதில் 'கக்' என்றால் மலம், 'ஹொய்ஸ்' என்றால் வீடு. இரண்டும் சேர்ந்த சொல் நம் நாக்கில் கக்கூஸ் ஆனது. டச்சுக்காரர்கள் போன மற்றக் கரைகளிலும் இது தங்கிவிட்டது: சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய', மலாயில் 'காக்குஸ்'.

நம் கரைக்கும் அவர்களுக்கும் இருந்த தொடர்பு சின்னதல்ல. 17ஆம் நூற்றாண்டில் கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்கி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள். 1693இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் என்று நம் பெரியவர்கள் சொன்னது இவர்களைத்தான். கையில் புழங்கும் 'துட்டு'கூட அவர்களுடைய செப்புக்காசின் பெயர்.

பாட்டி வீட்டில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். அரசுத் தாளில் இதற்கு 'உலர் கழிப்பிடம்' என்று பெயர். எனக்கு ஊர்ச்சொல்தான் நேர்மையானதாகப் படுகிறது. உலர்ந்தது என்று சொன்னால் இடம் மட்டும் தெரிகிறது. எடுப்பு என்று சொன்னால், எடுத்த கை தெரிகிறது. அந்தத் தகரக் கதவைத் திறந்து வாளியில் அள்ளிப்போனவர் காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார். அவர் முகத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தன. இன்றும் செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறார்கள்.

சொல்லை மறைப்பது நமக்குப் பழைய பழக்கம். இடக்கரடக்கல் என்று இலக்கணமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 'கால் கழுவி வருகிறேன்' என்பது பள்ளிப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு. வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, ஒதுங்குவது எல்லாம் அந்த வகைதான். அவையில் நாகரிகமாகப் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறும் நாளில் என் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். ஏன் என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது. வழியில் ஒதுங்க இடமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கக்கூஸ் அசிங்கமாகப் பட்டதும் லெட்ரின் வந்தது. அது பழசானதும் பாத்ரூம். இப்போது டாய்லெட், ரெஸ்ட்ரூம். டாய்லெட்டின் வேர் பிரெஞ்சில் 'சிறு துணி': ஒப்பனை மேசை மேல் விரிப்பது. அதுவும் மறைப்புச் சொல்தான்.

சரியான தமிழ் எது? கழிப்பறை, கழிவறை இரண்டும் புழக்கத்தில் உள்ளன. நான் கழிப்பறை என்றே எழுதுகிறேன். கழிப்பது மனிதன் செய்யும் செயல், கழிவு அதில் மிஞ்சும் பொருள். கழிப்பறை என்றால் ஒருவர் போய்வரும் அறை. கழிவறை என்றால் கழிவைப் போட்டுவைக்கும் அறை என்றும் பொருள்படும். 'நாள் கழிந்தது' என்பதில் வரும் அதே கழிதல்தான். கூச வேண்டிய சொல்லே அல்ல. பலருக்குப் பொதுவானதென்றால் கழிப்பிடம்.

ஆனால் ஒல்லாந்தர் சொல்லில் 'வீடு' இருப்பதுபோல நம் சொல்லில் 'அறை' இருக்கிறது. அறையைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. 2010இல் ஐ.நா. பொதுச்சபை தண்ணீரையும் கழிப்பிடச் சுகாதாரத்தையும் ஒரே உரிமையாக ஏற்றது. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது மீனவர் குப்பத்துக்குப் போனால் புரியும். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில், அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறைக்குள் வலையும் தெர்மாகோல் பெட்டியும் கூரை வரை அடுக்கியிருந்தன. பீங்கான் புதிதாகவே இருந்தது, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

"ஏங்க்கா, பொழங்கறதில்லியா?"

"தண்ணிக்கு எங்க தம்பி போறது? கொழாயில மூணு நாளைக்கு ஒருவாட்டி வருது. நாலு தெரு தாண்டித் தூக்கியாறேன். குடிக்கறதா, இதுல ஊத்தறதா?"

தண்ணீர் வந்தாலும் அடுத்த தடை மண்ணுக்கடியில் இருக்கிறது. கடற்கரை மணலில் நாலடி தோண்டினால் ஊற்று வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிப்பறைக் குழி நிரம்பி, ஊற்றிய தண்ணீர் பீங்கான் வழியாகவே எதிர்த்து வரும். பாதாளச் சாக்கடை இருக்கிற ஊரிலும் நிம்மதியில்லை. 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடை நச்சுவாயு வீட்டுக் கழிப்பறை வழியே ஏறி, பள்ளி மாணவி உட்பட மூன்று பேர் இறந்தார்கள்.

குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் பத்து மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த அக்கா வீட்டுக் குழிக்குப் பக்கத்தில் ஓர் அடிபம்பு இருந்தது. குழாயில் வராத நாளில் அந்தத் தெருவே அதில்தான் பிடிக்கிறது. குழி மூடியிலிருந்து பம்பு வரை நடந்து பார்த்தேன். என் காலுக்கு ஐந்து எட்டு.