ஆபரேஷன் பிரயோஜனப்படாதுன்னு எப்படிச் சொல்றது? பிஜிக்கு அதை யாரு கத்துக்குடுக்குறா?

ஹெர்னியா ஆபரேஷனை ஒரு பிஜிக்கு, அதாவது எம்எஸ் சர்ஜரி படிக்கிற டாக்டருக்கு, எப்படிக் கத்துக்குடுக்குறோம்? மொதல்ல பாக்கணும், அப்புறம் அசிஸ்ட் பண்ணணும், அப்புறம் சீனியர் எதிர்ல நிக்க அவங்களே செய்யணும், கடைசியாத்தான் தனியா. ஆனா ஒரு குடும்பத்துகிட்ட "இனிமே ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லீங்க"ன்னு சொல்றதுக்கு மட்டும் ராத்திரி 2 மணிக்கு ஃபர்ஸ்ட் இயர் பிஜியத் தனியா அனுப்பிடுறோம். அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், ஹை ரிஸ்க் கன்சென்ட்ங்கிற சம்மதப் படிவத்த நீட்டி "டேபிள்லயே உயிர் போகலாம், கையெழுத்துப் போடுங்க, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க"ன்னு முடிச்சிடுவாங்க. அது நம்மள காப்பாத்திக்க எழுதுறது, அதுக்குப் பேர் பேசுறது இல்ல.

80 வயசு தாத்தா, குடல் ஓட்டை, ஏற்கனவே நுரையீரல் மோசம், வீட்லயே ஆக்ஸிஜன்ல இருக்கறவர்னு வச்சுக்கோங்க. "பிழைக்க இருபது பர்சென்ட் சான்ஸ்"னா மகனுக்கு என்ன புரியும்? இருபது இருக்குல்ல, பண்ணுங்க சார்னுதான் சொல்வார். அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டில கிரெட்சன் ஷ்வார்ஸ்னு ஒரு வாஸ்குலர் (ரத்தக்குழாய்) சர்ஜன், அவங்க டீம் 'பெஸ்ட் கேஸ் ஒர்ஸ்ட் கேஸ்'னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு, ஒண்ணு ஆபரேஷன், இன்னொண்ணு ஆபரேஷன் இல்லாம. ஒவ்வொரு கோட்டுலயும் மேல நல்லபடியா போனா என்ன ஆகும், கீழ மோசமா போனா என்ன, நடுவுல பெரும்பாலும் என்ன நடக்கும்னு குறிச்சு, அதையே கதையா சொல்லணும். வென்டிலேட்டர்ல எத்தன நாள், திரும்ப வீட்டுக்கு நடந்து போவாரா, பேசுவாரா. இதை எங்க பிஜிங்களுக்கு கேஸ் ஷீட் பின்பக்கத்துலயே வரைஞ்சு காட்டச் சொல்றேன், நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு வாய மூடிட்டு உக்காந்திருப்பேன் (இதுதான் எனக்குக் கஷ்டம்).

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, வார்டு வாசல்லயே மடக்கி "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"ம்பாங்க. பிஜி ஒண்ணு தலையாட்டுவாங்க, இல்லனா நோயாளியோட உரிமைன்னு லெக்சர் எடுப்பாங்க. ரெண்டும் வேணாம். சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்கன்னு மகன்கிட்ட கேளுங்க, அப்புறம் அப்பாகிட்டயே போய் "உங்க உடம்பப் பத்தி எவ்ளோ தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க"ன்னு கேளுங்க. பாதி பேர் ஏற்கனவே தெரிஞ்சுதான் படுத்திருப்பாங்க.

பேச்சு மட்டும் போதாது. வயித்துல கேன்சர் பரவி குடல் அடைச்சவருக்கு மூக்குல டியூப் போட்டுட்டு "கன்சர்வேட்டிவ்" (ஆபரேஷன் இல்லாத வைத்தியம்)னு எழுதினா வேலை முடிஞ்சுதா? வாந்தி, வலியக் குறைக்கிற ஆக்ட்ரியோடைடு, டெக்ஸாமெத்தசோன், புஸ்கோபான் மாதிரி மருந்தெல்லாம் எப்ப யாருக்குன்னு பிஜிக்குத் தெரியணும். வலிக்குக் குடுக்குற மார்ஃபின்னாலே நம்ம டாக்டருங்களுக்குக் கைநடுங்குது. வாயால குடுக்குற சாதா மார்ஃபின் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ, கூடவே மொத நாள்லேர்ந்தே மலமிளக்கி, இவ்ளோதான் அடிப்படை. 2014ல போதை மருந்துகளக் கட்டுப்படுத்துற என்டிபிஎஸ் சட்டத்தையே திருத்தி ஆஸ்பத்திரிங்களுக்கு வழிய லேசாக்கினாங்க. கைநடுக்கம் இன்னும் நிக்கல.

பிரயோஜனமில்லாத சிகிச்சைய நிறுத்தினா "கேஸ் ஆயிடுமா சார்"ங்கிற கேள்வி எப்பவும் வரும். உயிர்காக்கும் சிகிச்சைய நிறுத்துறதப் பத்தி 2018ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 2023 ஜனவரில அதோட நடைமுறைய சுலபமாக்கினது, ரெண்டு மெடிக்கல் போர்டு எப்படி முடிவெடுக்கணும், இதெல்லாம் அனாட்டமி மாதிரியே படிச்சு வைக்கணும்ங்கிறது என் கட்சி.

இது சர்ஜன் வேலையே இல்லன்னு சொல்ற சீனியர்ங்க உண்டு. மான்ட்ரியல்ல ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரில 1975ல பாலியேட்டிவ் வார்டு (குணமாக்க முடியாதவங்களோட வலி, வேதனையக் குறைக்கிற வார்டு) ஆரம்பிச்ச பால்ஃபர் மவுன்ட் யூராலஜி சர்ஜன்தான். இங்க 2019லேர்ந்து எம்பிபிஎஸ்ல ஏட்காம்னு பேசுற பயிற்சி இருக்கு, ஆனா எம்எஸ் சேந்ததும் லாங் கேஸ், ஷார்ட் கேஸ்னு பரீட்சை பயத்துல எல்லாம் பறந்துடுது.

அதனால இறந்துபோன நோயாளிகளப் பத்திப் பேசுற எங்க மார்ட்டாலிட்டி மீட்டிங்ல தையல் ஏன் லீக் ஆச்சு, ஆபரேஷன் தியேட்டருக்கு ஏன் லேட்டுங்கிறதோட இப்ப ரெண்டு கேள்வி சேத்திருக்கோம். கடைசி ரெண்டு நாள் வலி எப்படி இருந்துச்சு, அவருக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா? இப்போதைக்கு வர்ற பதில் பெரும்பாலும் "கேஸ் ஷீட்ல எழுதல சார்"தான்.