கடித்தால் தொற்றும் புற்றுநோய்

1996-இல், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவின் வடகிழக்கு மூலையில், புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படங்களில் முகமெல்லாம் கட்டிகளோடு டாஸ்மேனிய டெவில்கள் தெரிந்தன. சிறு நாயளவே உள்ள, கங்காருவைப் போல் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் கருநிறப் பைம்மா விலங்கு அது. இரைக்கும் இணைக்கும் சண்டையிடும்போது ஒன்றின் முகத்தை ஒன்று கடிக்கும். கட்டி வாயை அடைத்துவிட, உண்ண முடியாமல் சில மாதங்களிலேயே அவை இறந்துபோயின.

ஏதோ வைரஸ்தான் காரணம் என்று பலர் எண்ணினார்கள். செல் மரபியலாளர் ஆன் மேரி பியர்ஸ் கட்டிச் செல்களின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். டெவிலின் இயல்பான செல்லில் 14 குரோமோசோம்கள் இருக்க வேண்டும். கட்டியில் 13 இருந்தன. புற்றுநோய்ச் செல்லில் குரோமோசோம்கள் சிதைவது வழக்கம்தான். ஆனால் வெவ்வேறு விலங்குகளிடம் எடுத்த கட்டிகளில் ஒரே சிதைவு எப்படி வரும்? ஒரு டெவிலின் ஐந்தாவது குரோமோசோமில் பிறவியிலேயே ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதன் கட்டியிலோ அந்தத் திருப்பம் இல்லை. அந்தக் கட்டி அந்த உடலில் பிறந்ததே அல்ல! 2006-இல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த சான்று இதுதான். கடிக்கும்போது பரவியது கிருமி அல்ல, உயிருள்ள புற்றுநோய்ச் செல்லேதான்.

டாஸ்மேனியாவில் வளர்ந்த மரபியலாளர் எலிசபெத் மர்ச்சிசன் இந்தச் செல்லின் வரலாற்றைத் தேடிப் போனார். நரம்பிழைகளுக்கு உறையாக அமையும் ஷ்வான் செல்களிலிருந்து அது தோன்றியிருக்க வேண்டும் என்று அவரது குழு 2010-இல் காட்டியது. 2012-இல் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்தபோது, முதல் கட்டி ஒரு பெண் டெவிலின் உடலில் தோன்றியது தெரிந்தது. அந்த விலங்கு எப்போதோ இறந்துவிட்டது. அதன் செல்கள் மட்டும் உடல் விட்டு உடல் தாவி இன்றும் வாழ்கின்றன.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நெருங்கிய உறவினரின் சிறுநீரகத்தைப் பொருத்தினாலும், உடல் அதை எதிர்க்காமலிருக்க மருந்து தேவைப்படுகிறது. அப்படியிருக்க, எங்கோ பிறந்த ஒரு செல்லை டெவிலின் உடல் எப்படி ஏற்றுக்கொண்டது? டெவில்களுக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு, அதனால் அயல் செல்லை அடையாளம் தெரியவில்லை என்பது முதலில் சொல்லப்பட்ட விளக்கம். ஆனால் ஒரு டெவிலின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டிப் பார்த்தபோது உடல் அதை ஒதுக்கித் தள்ளியது. காவல் ஒழுங்காகவே இருந்தது; ஏமாற்றியது கட்டி.

நம் உடலில் உட்கருவுள்ள செல்கள் ஒவ்வொன்றும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை எம்.எச்.சி. என்னும் மூலக்கூறில் ஏந்தி, வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அதைத் தொட்டுப் பார்த்து, அயலான் என்று கண்டால் கொல்லும். கட்டிச் செல்கள் இந்த மூலக்கூறைப் பரப்பில் காட்டுவதையே நிறுத்திவிட்டன என்று 2013-இல் ஹன்னா சிடில் குழுவினர் கண்டறிந்தனர். அதற்குரிய மரபணுக்கள் சேதமடையவில்லை, அணைந்து மட்டுமே கிடக்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை ஆய்வகத்தில் சேர்த்தால் மூலக்கூறு மீண்டும் பரப்புக்கு வருகிறது. அணைந்த விளக்கை ஏற்ற முடியும் என்பதால்தான் தடுப்பூசி ஆய்வாளர்கள் இதை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

2014-இல் தீவின் தென்கிழக்கில் இரண்டாவது தொற்றுப் புற்றுநோய் கிடைத்தது. அதன் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்ததால், அது ஓர் ஆண் டெவிலிடம் தோன்றிய வேறொரு நோய். பாலூட்டிகளில் இயற்கையாகப் பரவும் இன்னொரு புற்றுநோய் நாய்களுக்கு வருவது. ஆசியாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயிடம் தோன்றிய அந்தச் செல்வழி, இணைசேர்கையில் பரவி, நம் தெருநாய்கள் வரை வந்திருக்கிறது. வின்கிறிஸ்டின் மருந்துக்கு அது பெரும்பாலும் கரைந்துவிடும்.

டெவில்களுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. நோய் பரவிய இடங்களில் எண்ணிக்கை எண்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஆயினும் மூன்று இடங்களில் நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்த மரபணுக்களை ஒப்பிட்ட 2016 ஆய்வு, நான்கு முதல் ஆறு தலைமுறைகளுக்குள் மரபணுத்தொகுதியின் இரு பகுதிகள் மாறியிருப்பதைக் காட்டியது. நோயெதிர்ப்போடும் புற்றுநோயோடும் தொடர்புடைய மரபணுக்கள் அவற்றில் இருக்கின்றன. காட்டில் சில டெவில்களின் கட்டி தானாகவே சுருங்கியிருக்கிறது. சிலவற்றின் இரத்தத்தில் அந்தப் பழைய பெண் டெவிலின் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன.