ஒரு மில்லிமீட்டர் விலகினால்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இரவில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். ஊரைத் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. அறுவடைக் காலம் என்றால் சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வண்டி ஏறிவிடாமலிருக்க அதைச் சுற்றிக் கருங்கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல் கண்ணில் படுவதற்குள் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணை நிறைத்துவிடும். என் கார் பன்னிரண்டு வயதான சிறிய கார். அதன் ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்குப்போல மங்கி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அப்படியொரு கல்லை மயிரிழையில் தவிர்த்தேன். அடுத்த வாரமே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எச்.ஐ.டி. கிட் ஒன்று, அதாவது இழைக்குப் பதிலாக வாயுவுக்குள் மின்னலை ஒளிரவைக்கும் பல்புகளை, வாங்கிவந்து மாட்டிவிட்டேன்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம்தான் ஆனது. பழைய பல்பைக் கழற்றி, அதே குழியில் புதியதைச் செருகி, கைக்கடக்கமான ஓர் அலுமினியப் பெட்டியை பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டினால் வேலை முடிந்தது. ஸ்விட்சைப் போட்டதும் எதிர்வீட்டுச் சுவர் நீலவெள்ளையாகப் பளீரிட்டது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பல்புக்குள் நடப்பது உண்மையிலேயே அழகான அறிவியல்.

பழைய ஹாலஜன் பல்பு ஓர் அடுப்பு. டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 3000 கெல்வின் வரை சூடாகி ஒளிர்கிறது. உள்ளே போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. 1971இல் அறிமுகமாகி இன்றும் நம் சாலைகளில் ஓடும் பல வண்டிகளில் இருக்கும் எச்4 பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிம்மில் 55 வாட் தின்று சுமார் 1000 லூமென் தருகிறது; விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவுதான் லூமென். பிரைட்டில் 60 வாட்டுக்குச் சுமார் 1650.

எச்.ஐ.டி. பல்பில் இழையே இல்லை. குண்டுமணி அளவுள்ள ஒரு குவார்ட்ஸ் குமிழுக்குள், நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் நிற்கின்றன. சுற்றிலும் அழுத்தி அடைக்கப்பட்ட செனான் வாயு. அடியில் சிட்டிகையிலும் சிறிதளவு உலோக உப்பு, பெரும்பாலும் சோடியம், ஸ்காண்டியம் அயோடைடுகள். இந்த இடைவெளியைத் தாண்ட 12 வோல்ட் எந்த மூலைக்கும் போதாது. அலுமினியப் பெட்டி முதலில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட ஒரு துடிப்பை அனுப்புகிறது. வாயு உடைந்து மின்சாரத்துக்கு வழிவிடுகிறது; ஒரு குட்டி மின்னல் பிறக்கிறது. அந்த மின்னலை அணையவிடாமல் நிறுத்திவைப்பதுதான் மீதி வேலை.

வீட்டு டியூப்லைட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஸ்டார்ட்டரும் சோக்கும் செய்வதை இங்கே பல்லாஸ்ட் என்ற அந்த ஒற்றைப் பெட்டி செய்கிறது. மின்னோட்டம் கூடக் கூட அந்தக் குட்டி மின்னலின், அதாவது மின்வில்லின், தடை குறைந்துகொண்டே போகும். தடை குறைந்தால் மின்னோட்டம் இன்னும் கூடும். கட்டுப்படுத்த யாரும் இல்லையென்றால் விளக்கு தன்னைத்தானே எரித்துக்கொண்டுவிடும். பல்லாஸ்ட் கடிவாளம் பிடித்து, வழக்கமான பல்புகளில் ஏறத்தாழ 85 வோல்ட், 35 வாட் என்ற அளவில் வில்லை நிறுத்துகிறது. முதல் நொடியில் செனான் மட்டும் ஒளிர்வதால் வெளிச்சம் நீலம் பூத்திருக்கும். சில நொடிகளில் உப்பு ஆவியாகி வில்லுக்குள் கலந்ததும் நிறம் வெளுத்து முழு ஒளி வரும். மின்வெட்டு முடிந்த பிறகு தெருவின் சோடியம் விளக்கு தயங்கித் தயங்கி எழும்புவதும் இதே குடும்பத்துப் பழக்கம்தான். காரில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்பதற்காகவே செனானைச் சேர்த்தார்கள். 1991இல் பி.எம்.டபிள்யூ. தன் 7 சீரிஸ் காரில் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தது. இவ்வகையில் பெயர்பெற்ற டி2எஸ் பல்பு 35 வாட்டில் சுமார் 3200 லூமென் தருகிறது. ஹாலஜனைவிடக் குறைந்த மின்சாரத்தில் மூன்று மடங்கு ஒளி.

என் தவறு இந்த மூன்று மடங்கை மட்டும் பார்த்ததுதான். ஒளி எவ்வளவு என்று கேட்டேன். எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

கிட் மாட்டிய சில நாட்களில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எனக்கு டிம் அடித்துக் காட்டத் தொடங்கின. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலைக்கு அக்கா மகனை அழைத்துப் போனேன். காரை அவனிடம் கொடுத்துவிட்டு, நான் பைக்கில் எதிர்ப்பக்கம் அமர்ந்துகொண்டேன். இருவருக்கும் நடுவே, சாலையோரத்தில் ஒரு கருங்கல். முதலில் என் பைக் வெளிச்சத்தில் கல் தெளிவாகத் தெரிந்தது. அவன் காரை மெதுவாக ஓட்டிவந்தான். சிறிது தூரம் வந்ததுமே கல் காணாமல் போய்விட்டது. சாலையின் விளிம்பும் போய்விட்டது. வெள்ளையான ஒரு திரை மட்டும் முன்னே நின்றது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

“பிரைட்டிலேயே வந்துவிட்டாயே” என்றேன்.

“இல்லை மாமா, டிம்தான். நீங்களே பாருங்கள்” என்றான்.

பார்த்தேன். டிம்தான்.

ஹெட்லைட்டைத் திறந்து பார்த்தால் காரணம் கிடைக்கும். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுத்துவிடுவதால், பல்புக்குப் பின்னாலுள்ள குழிந்த கண்ணாடியான ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டுமே ஒளி விழும். மேற்பாதி அதைச் சாலையை நோக்கி இறக்கி அனுப்பும். இழை என்பது நேரான, சீரான, கூர்மையான விளிம்புள்ள சுருள். அந்த விளிம்பின் பிம்பம்தான் சுவரில் விழும் வெட்டுக்கோடு: கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்தக் கோடு இடதுபுறம் சற்றே மேலேறும். ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப்பலகையையும் காட்டுவதற்கு அது. வலதுபுறம் தாழ்ந்தே இருக்கும்; எதிரே வருபவர் கண்ணுக்கு அதுதான் காவல்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ரிஃப்ளெக்டரின் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளிமூலம் குவியத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ விலகினால் கற்றை இருபத்தைந்தில் ஒரு பங்கு சாயும். அதாவது மீட்டருக்கு 4 சென்டிமீட்டர். டிம் வெளிச்சம் பொதுவாக மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும்படி வைக்கப்படுகிறது. விலகல் கற்றையை மேல்நோக்கித் தள்ளினால் அந்த இறக்கம் மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் ஏற்றமாக மாறிவிடும். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் வெட்டுக்கோடு, 50 மீட்டர் தொலைவில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியது, 215 சென்டிமீட்டருக்குப் போய்விடும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் தலைக்கும் மேலே. நெற்கதிரின் ஒரு மணி அகலம்கூட இல்லாத பிழை இது.

மின்வில்லை எந்த இடத்தில் வைத்தாலும் அது இழையாக மாறிவிடாது. சூடான வாயு மேலெழுவதால் வில் நடுவில் மேல்நோக்கி வளைகிறது. மின்முனைகளுக்கு அருகே மிகப் பிரகாசமாகவும் இடையில் சற்று மங்கலாகவும் எரிகிறது. சுற்றிலும் விளிம்பில்லாத ஓர் ஒளிவட்டம். குமிழின் அடியில் தேங்கிய உப்பின் வழியாக நிறம் மாறிய ஒளி வேறு கசிகிறது. போதாக்குறைக்கு, எச்4 கிட்களில் டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே குமிழ்தான். ஒரு காந்தச்சுருள் அதை முன்னும் பின்னும் இழுக்கிறது. சில மாதங்களில் அந்த நகர்வு தளர்ந்துபோனால் ஒரு மில்லிமீட்டர் எங்கே நிற்கும்?

ஆரம்பத்திலிருந்தே எச்.ஐ.டி.க்கென்று விளக்கு வடிவமைப்பவர்கள் இதையெல்லாம் அறிந்துதான் செய்கிறார்கள். ரிஃப்ளெக்டர் விளக்குகளுக்கென்றே டி2ஆர் என்று தனி பல்பு உண்டு. தேவையில்லாத திசைகளில் ஒளி போகாதபடி அதன் கண்ணாடியின் மேல் ஒளிபுகாத பட்டைகள் பூசப்பட்டிருக்கும். அதனால் 400 லூமென்வரை இழக்கிறது. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்கிறார்கள். புரொஜெக்டர் விளக்கில் ஒரு தகடு ஒளியை வெட்ட, முன்னாலுள்ள லென்ஸ் அந்தத் தகட்டின் விளிம்பைச் சாலையில் கோடாக விழவைக்கிறது. ஹாலஜன் புரொஜெக்டரில் கிட்டைப் போட்டால் கோடு ஓரளவு நிலைக்கும் என்பது உண்மை. ஆனால் கோட்டுக்குள் ஒளி பரவும் விதம் கெட்டு, பம்பருக்கு முன்னால் குவிந்துவிடலாம்.

நான் பார்த்த வெள்ளைத் திரை சாலையில் இல்லை, என் கண்ணுக்குள் இருந்தது. கண்ணின் முன்புறப் படலமான கார்னியாவும் லென்ஸும் முழுத் தெளிவானவை அல்ல. பக்கத்திலிருந்து வரும் வலுவான ஒளியில் ஒரு பங்கு அவற்றில் சிதறி விழித்திரை முழுக்கப் படர்கிறது. அந்த ஒளித்திரையின் அடர்த்தி, கண்ணில் விழும் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்திலும், பார்வைத் திசைக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணத்தின் இருமடிக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்திலும் இருக்கும். கோணம் பாதியானால் திரை நான்கு மடங்கு தடிக்கும். நடுத்தடுப்பில்லாத குறுகிய சாலையில் எதிர்வண்டி நமக்கு மிக அருகே கடந்துபோகிறது; கோணம் மிகச் சிறியது. வயது கூடினால் இது இன்னும் மோசம். எழுபது வயதுக் கண்ணில் சிதறல் இளைஞரின் கண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் அப்பா இரவில் வண்டி ஓட்டுவதை விட்டதற்கு அவர் சொன்ன ஒரே காரணம், “எதிரே வருகிற வெளிச்சம் தாங்கவில்லை” என்பதுதான். அதை முதுமையின் பயம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஓட்டுகிறவருக்காவது நன்மை உண்டா என்றால், தோற்றத்தில்தான் அதிகம். காருக்கு முன்னே பத்துப் பதினைந்து மீட்டர் பகல்போல ஆனதும் நன்றாகத் தெரிகிறது என்று மனம் நம்புகிறது. கண்ணோ அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால், எண்பது மீட்டருக்கு அப்பால் இருட்டில் நிற்கும் மாடு அதற்கு எட்டுவதில்லை. தூரம் இரண்டு மடங்கு போக வேண்டுமென்றால் அந்தத் திசையில் நான்கு மடங்கு செறிவு வேண்டும். அதைத் தருவது ரிஃப்ளெக்டரின் கட்டுப்பாடு. நிறமும் ஏமாற்றுகிறது. கார் நிறுவனங்கள் பொருத்தும் செனான் பல்புகள் பெரும்பாலும் 4300 கெல்வின் அளவில் இருப்பவை; இங்கே கெல்வின் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண். கடையில் 6000, 8000, 10000 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். கூடுவது நீலம், குறைவது பயனுள்ள ஒளி. நம் கண் பச்சை மஞ்சளுக்கே அதிகம் உணர்வுள்ளது; கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் கூம்பு செல்களே இல்லை. எதிரே வருபவருக்கோ நீலம் கலந்த ஒளிதான் அதிகம் கூசும்.

சட்டங்களும் இதையே சொல்கின்றன. 2000 லூமெனுக்கு மேல் ஒளி தரும் மூலங்கள் உள்ள டிம் விளக்குகளுக்குத் தானாகச் சாய்வைச் சரிசெய்யும் கருவியும் கண்ணாடி கழுவும் அமைப்பும் வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன விதி எண் 48. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்று அளவு சொல்கின்றன. நம் ஊரில் போலீசார் ஹெட்லைட்டின் நடுவே ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் நல்ல நோக்கமுள்ளதுதான். ஆனால் அது ஒளியின் அளவைக் குறைக்குமே தவிர, திசையைத் திருத்தாது. எல்.இ.டி. பல்பைப் பழைய குழியில் செருகுபவர்களுக்கும் இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். இழை நின்ற இடத்தில் இழையைப்போல ஒளிராத எதற்கும் பொருந்தும்.

சரி, என் மஞ்சள் விளக்குக்கு என்னதான் நோய்? எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டரை எடுத்துவந்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.6 வோல்ட். பல்பின் முனையில் 11.7. நடுவே இருந்த மெல்லிய, பழைய ஒயரும் தேய்ந்த ஸ்விட்சும் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட்டை விழுங்கியிருந்தன. ஹாலஜன் பல்பில் இது சாதாரண இழப்பல்ல. மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் அதன் ஒளி ஏறி இறங்கும். வோல்ட்டில் பதினான்கு சதவீதம் குறைந்ததற்கு ஒளியில் நாற்பது சதவீதம் போயிருந்தது.

தடித்த ஒயரை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக இழுத்து, ரிலே என்ற மின்காந்த ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினார். ஸ்விட்ச் இனி ரிலேவை மட்டும் தூண்டினால் போதும்; விளக்கின் முழுச் சுமையையும் அது தாங்க வேண்டியதில்லை. பல்பு முனையில் 13.2 வந்தது. பழுத்துப்போயிருந்த ஹெட்லைட் மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். சாதாரண 60/55 வாட் எச்4 ஜோடி ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டினேன். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சமதரையில் காரை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சுண்ணாம்பால் குறித்து, வெட்டுக்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்வரை திருகைத் திருப்பினோம்.

இரவு மறுபடியும் அந்தச் சாலைக்குப் போனோம். கல்லை அதே இடத்தில் வைத்தேன். அக்கா மகன் டிம்மில் ஓட்டிவந்தான். அவனுடைய வெளிச்சம் என் பைக்கின் சக்கரத்தைத் தொட்டு, முழங்கால்வரை ஏறி, அங்கேயே நின்றது. கல் கடைசிவரை தெரிந்தது. பிறகு இடம் மாறிக்கொண்டோம்: காரில் நான், பைக்கில் அவன். அவன் கல்லின் பக்கத்தில் போய் நின்று தன் நிழலைக் காட்டி ஏதோ கத்தினான். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். “இடது பக்கம் புல் நுனிகூடத் தெரிகிறது மாமா” என்றான்.